தகப்பன் பெயர் எழுதும் நாளில் தகப்பனும் வர வேண்டும்



இந்த இதழின் பாடம் ஒரு சிறிய கூட்டைப் பற்றியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் முழுப் பெயரை எழுதும் கூடு அது. அந்தக் கூடு வெறுமையாக இருப்பதால் ஒரு பிள்ளைக்கு என்ன நேருகிறது, அதை எப்படி நிரப்புவது, நிரப்பாமல் விட்டவர்கள் இப்பொழுது என்ன செய்யலாம் என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். லயத்தில் யாராவது கர்ப்பிணித் தாய் இருந்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

நடந்தது என்ன?

2019ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் காரியாலயத் திண்ணையில் ஒரு தம்பி வந்து நின்றார். நம் தோட்டத்துப் பையன்தான். கட்டுநாயக்கப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கையில் ஒரு ஆஸ்பத்திரி பில். முகத்தில் தூக்கம் இல்லை.

"ஐயா, இது என் புள்ளதானான்னு ஆபிஸ்ல கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்றது?" என்றார்.

விஷயம் இதுதான். அவர் வேலை செய்யும் கம்பெனியில் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்புறுதி உண்டு. மனைவியையும் பிள்ளைகளையும் அதில் சேர்க்கலாம். மனைவி எட்டு மாதக் குழந்தையோடு அவருடைய வாடகை அறைக்குப் போயிருந்தபோது, குழந்தைக்கு இராத்திரியில் மூச்சு முட்டிவிட்டது. பயத்தில் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான்கு நாள் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்தது. பில் இவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது.

காப்புறுதியில் பணம் கேட்கப் போனால், பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டார்கள். கொடுத்தார். தகப்பன் பெயர் எழுதும் கூட்டில் ஒரு கோடு மட்டும் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டிய படத்தைக் காட்டினார். "படம் செல்லாது, பத்திரம் வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் பில்லைக் கட்டுவதற்காக அடகுக் கடைக்குப் போனது அந்தத் தாலிக்கொடிதான்.

எங்கள் பக்கத்துத் தவறு

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தையின் பிறப்பைப் பதியப் போன நாளில், தாயையும் பாட்டியையும் அனுப்பி வைத்தது நாங்கள்தான். "தகப்பன் கொழும்புப் பக்கம் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை" என்றார்கள். "பரவாயில்லை, நீங்கள் போய்ப் பதிந்துகொண்டு வாருங்கள்" என்றோம். விவாகப் பதிவு இருக்கிறதா என்று கேட்கவில்லை. இருவரும் போக வேண்டும் என்று சொல்லவும் இல்லை. பிள்ளைக்குப் பதிவு வந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம். அந்த அரை நாள் அவசரம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருட அலைச்சலாகிவிட்டது. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நமக்குக் கடதாசியின் பெறுமதி தெரியும்

"ஒரு கடதாசிக்கு இவ்வளவு பெரிய பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதவில்லை. தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து லயத்திலேயே மாண்ட அந்த மனிதர்களுக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் அந்தக் கதை இழுபட்டது. அன்று நம்மிடம் பத்திரம் இல்லாததற்கு நாம் குற்றவாளிகள் அல்ல. இன்று பதிவாளர் இருக்கிறார், பஸ் இருக்கிறது, நமக்கு எழுத வாசிக்கத் தெரியும். இன்றும் பத்திரம் இல்லாமல் நிற்கலாமா?

பாடம் 1: விவாகம் பதிந்தவர்கள்

பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பை அறிவித்துப் பதிய வேண்டும். பிள்ளை எந்தப் பிரிவில் பிறந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடம் பதிவு நடக்கும். அதாவது, ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரி உள்ள பிரிவு. நம் தோட்டம் உள்ள பிரிவு அல்ல. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே பிறந்துவிட்டால் உடனே தோட்ட நிர்வாகத்துக்கும் மருத்துவிச்சிக்கும் அறிவியுங்கள்.

விவாகப் பதிவு அத்தாட்சிப் பத்திரம் இருக்கிற தம்பதிக்கு வேலை சுலபம். இருவரில் ஒருவர் போனாலும் அந்தப் பத்திரத்தைக் காட்டித் தகப்பன் பெயரை எழுதுவிக்கலாம். விவாகம் நிலைத்திருக்கும் காலத்தில் பிறக்கும் பிள்ளை கணவனின் பிள்ளை என்றுதான் சட்டம் கொள்ளும். ஆகவே யாரும் "இது யார் பிள்ளை?" என்று கேட்க இடமில்லை.

42 நாள் தவறினாலும் பயந்து ஒளிய வேண்டாம், உடனே போங்கள். 3 மாதம் கடந்துவிட்டால் மாவட்டப் பதிவாளர் வழியாகப் பிரகடனம் கொடுத்துப் பதிய வேண்டி வரும். கடதாசி கூடும், அலைச்சல் கூடும், ஆனால் முடியாத காரியம் அல்ல.

பாடம் 2: தாலி கட்டியவர்கள், விவாகம் பதியாதவர்கள்

நம் பாடத்தின் நடுப்பகுதி இது. நன்றாகக் கவனியுங்கள்.

கோவிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பத்து வருடம் ஒன்றாக வாழ்ந்திருப்பீர்கள். ஊருக்கு நீங்கள் புருஷன் பெண்சாதி. வழக்கப்படி நடந்த கலியாணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழக்குகளும் உண்டு. ஆனால் அதை நீதிமன்றத்தில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பதிவாளரின் மேசையில் நிரூபிக்க முடியாது. அவர் கேட்பது விவாகப் பதிவைத்தான்.

விவாகப் பதிவு இல்லாவிட்டால் சட்டம் சொல்வது இது: 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, தாயும், "நான்தான் தகப்பன்" என்று ஒப்புக்கொள்ளும் ஆணும், இருவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பம் வைத்தால் மட்டுமே பதிவாளர் தகப்பன் பெயரை எழுதலாம். இல்லையென்றால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். தாய் தனியாகப் போய் எவ்வளவு சத்தியம் பண்ணினாலும் எழுத முடியாது. மாமியார் சொன்னாலும் முடியாது, தலைவர் சொன்னாலும் முடியாது, நாங்கள் கடிதம் கொடுத்தாலும் முடியாது. பதிவாளர் மறுப்பது நம்மீது உள்ள கோபத்தினால் அல்ல. ஒரு ஆணின் பெயரை அவருக்குத் தெரியாமல் யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு.

ஆகவே தகப்பன்மாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பிறந்த செய்தி வந்தவுடன் ஒரு நாள் லீவு எடுங்கள். 42 நாளுக்குள் ஒரு நாளாவது கிடைக்காமல் போகாது. தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் தாயோடு சேர்ந்து பதிவாளரிடம் போங்கள். தொட்டிலுக்கும் சட்டைக்கும் பணம் தேடுவதற்கு முன்னால் இந்த ஒரு கையொப்பத்தை வையுங்கள். அன்று வைக்காத கையொப்பத்தைப் பிறகு வைப்பதற்குச் சட்டத்தரணி, சத்தியக்கடதாசி, பஸ் கூலி, போன நாள் சம்பளம் என்று எத்தனையோ செலவாகும்.

பாடம் 3: கூடு வெறுமையாகப் போய்விட்டதென்றால்

நம் கட்டுநாயக்கத் தம்பி என்ன செய்தார்? முதலில் இருவரும் விவாகத்தைப் பதிந்தார்கள். இருவருக்கும் 18 வயது நிரம்பியிருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் அடையாள அட்டைகளும் இருந்தன. விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து, குறித்த நாளில் சாட்சிகளோடு போய்க் கையொப்பமிட்டார்கள். பெற்றோர் பின்னாளில் சட்டப்படி விவாகம் செய்தால், அதற்கு முன் அவர்களுக்குப் பிறந்த பிள்ளையும் சட்டபூர்வமான பிள்ளையாகிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் விவாகம் பதியலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிறகு பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரின் பகுதிக்குப் போய், பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பித்தார்கள். விவாகப் பத்திரம், பிள்ளையின் பழைய பத்திரம், இருவரின் அடையாள அட்டைகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். எந்தப் படிவம், வேறு என்ன தேவை என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரே நாளில் முடியவில்லை. ஐந்து முறை போய் வந்தார்கள். மனைவிக்கு ஐந்து நாள் பெயர் விழவில்லை. கடைசியில் புதிய பத்திரம் கையில் வந்தது. அதைக் கம்பெனியில் கொடுத்தார், பிள்ளையின் பெயர் காப்புறுதியில் ஏறியது. ஆனால் பழைய பில்லுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. காப்புறுதியில் பெயர் ஏறிய நாளிலிருந்துதான் பலன்.

பாடம் 4: முந்திய விவாகம் முறியாதவர்கள்

இதைப் பேசுவதற்குப் பலர் கூச்சப்படுவார்கள். ஆனால் நம் தோட்டங்களில் இது இல்லாமல் இல்லை. ஒரு பெண்ணுக்கு முதலில் ஒருவரோடு விவாகப் பதிவு. அவர் குடித்தார், அடித்தார், விட்டுவிட்டுப் போய்விட்டார். விவாகரத்து எடுக்கவில்லை. பிறகு அந்தப் பெண் இன்னொருவரோடு வாழ்கிறார், பிள்ளை பிறக்கிறது.

இங்கே சட்டம் வேறு மாதிரிப் பார்க்கும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, விவாகம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளையும், விவாகம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கும்போது பிறந்த பிள்ளையும் அந்தக் கணவனின் பிள்ளையே. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்றோ, கணவன் ஆண்மையற்றவர் என்றோ நிரூபித்தால்தான் அந்த எண்ணம் மாறும். அதை நிரூபிக்கும் இடம் நீதிமன்றம்.

ஆகவே இப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்கள் பதிவாளரிடம் போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். "நான் விவாகமாகாதவள்" என்று பொய் எழுதிக் கொடுக்காதீர்கள். பதிவேட்டில் பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். பிரிந்து வாழ்பவர்களுக்கும் சொல்கிறோம். மனம் முறிந்துபோன விவாகத்தைச் சட்டப்படியும் முடித்துவிட்டு அடுத்த வாழ்க்கையைத் தொடங்குங்கள். நாளைக்குப் பிறக்கப் போகும் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் முதல் உதவி அது.

பாடம் 5: தாத்தாவைத் தகப்பன் ஆக்காதீர்கள்

தாய் சிறு வயது, அல்லது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப் போகிறார், பிள்ளையின் தகப்பன் யாரென்று வெளியில் சொல்ல முடியவில்லை. வீட்டில் என்ன செய்கிறார்கள்? பாட்டியையும் தாத்தாவையும் தாய் தகப்பன் என்று எழுதிவிடுகிறார்கள். அல்லது மாமன் பெயரைப் போடுகிறார்கள். "மானம் போகாமல் காப்பாற்றிவிட்டோம்" என்று நினைக்கிறார்கள்.

எங்களிடம் வந்த ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, தாய் என்ற கூட்டில் பாட்டியின் பெயர் இருப்பதைப் பார்த்தது. பெற்ற தாய் கடதாசியில் அக்காவாக இருந்தார். அந்தத் தாய்க்கு வேலை இடத்தில் மருத்துவக் காப்புறுதி இருந்தும், சொந்த மகளைச் சேர்க்க முடியவில்லை. "தங்கச்சியைச் சேர்க்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை எங்கள் மேசைக்கு முன் உட்கார்ந்து அழுததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. மானத்தைக் காப்பாற்ற எழுதிய பொய், பதினாறு வருடம் கழித்து அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது.

தகப்பன் பெயர் எழுத முடியாவிட்டால் அந்தக் கூட்டை வெறுமையாகவே விடுங்கள். வெறுமையான கூட்டைப் பிறகு நிரப்ப வழி உண்டு. பொய் எழுதிய கூட்டைச் சரிசெய்ய மிகவும் கஷ்டப்பட வேண்டும். முக்கியமாக, பெற்ற தாயின் பெயரை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். தாயின் பெயர் சரியாக இருந்தால், தாயின் வேலை வழியாக வரும் எந்த உதவிக்கும் பிள்ளையைச் சேர்க்கலாம். அதற்குத் தகப்பன் பெயர் தேவையே இல்லை.

பாடம் 6: "என் பிள்ளை இல்லை" என்று சொல்பவர்

சில ஆண்கள் ஆசை காட்டிவிட்டு, பிள்ளை என்றதும் கையை விரித்துவிடுகிறார்கள். அந்தப் பெண் ஊர் வாய்க்குப் பயந்து வீட்டுக்குள் இருந்துவிடுகிறார். தங்கச்சிமாரே, சட்டம் உங்களைக் கைவிடவில்லை.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் செலவு கொடுக்கும் கடமை தகப்பனுக்கு உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் இவர்தான் தகப்பன் என்பதை நம்பத்தக்க சாட்சியத்தால் காட்ட வேண்டும். அதற்கு என்ன வேண்டும்? அவர் எழுதிய கடிதங்கள், கைத்தொலைபேசியில் வந்த செய்திகள், சேர்ந்து எடுத்த படங்கள், பணம் அனுப்பிய துண்டுகள், கிளினிக்குக்கு அவர் கூட வந்ததைக் கண்டவர்கள், ஒன்றாக வாழ்ந்ததை அறிந்த அயலவர்கள். கோபத்தில் எதையும் கிழித்துப் போடாதீர்கள். ஒரு பையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். டி.என்.ஏ. சோதனை எனப்படும் மரபணுச் சோதனையும் இக்காலத்தில் வழக்குகளில் வருகிறது. எப்பொழுது, யார் செலவில் என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். வசதியற்றவர்களுக்கு உதவ 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எங்களிடம் வந்தால் அருகிலுள்ள நிலையத்துக்கு வழிகாட்டுவோம். தனியாகப் போகப் பயமென்றால் கூட வருவோம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மாதாமாதம் பணம் கொடுக்கும்படி வரும் கட்டளை வேறு. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயரைச் சேர்ப்பது வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக நடக்காது. வழக்குப் போடும்போதே இரண்டையும் பற்றிச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் 7: ஒரே மனிதர், மூன்று பெயர்

தகப்பன் பெயர் இருந்தும் காப்புறுதியில் பிள்ளையைச் சேர்க்க முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். காரணம், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிள்ளையின் பத்திரத்தில் ஒரு பெயர். வீட்டில் "சின்னத்தம்பி" என்று கூப்பிட்டதைப் பதிவில் போட்டுவிடுகிறோம். ராமையா ஓரிடத்தில் ராமய்யாவாகவும் இன்னோரிடத்தில் ராமனாகவும் ஆகிவிடுகிறார். காப்புறுதிக் காரியாலயத்தில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது. எழுத்து மாறினால் ஆளும் மாறிவிட்டார் என்றுதான் நினைப்பார்.

பதிவாளரிடம் வாயால் பெயர் சொல்லாதீர்கள். அடையாள அட்டையை நீட்டி, "இதில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள்" என்று கேளுங்கள். கையொப்பம் வைப்பதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பாருங்கள். பத்திரம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிழை ஏற்கெனவே வந்துவிட்டால் அதைத் திருத்துவதற்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு முன் திருத்துவது நல்லது.

பாடம் 8: பத்திரம் கிடைத்த பிறகு

பத்திரம் பெட்டிக்குள் இருந்தால் பலன் இல்லை. செய்ய வேண்டியவை:

1. வேலை இடத்தில் மருத்துவக் காப்புறுதி இருக்கிறதா, அதில் பிள்ளைகள் சேர்வார்களா, எத்தனை வயது வரை என்று கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறுபடும்.

2. புதிதாகப் பிறந்த பிள்ளையைச் சேர்க்க நாள் குறித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த நாள் தவறினால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம்.

3. மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். கொடுத்ததற்குத் துண்டு வாங்குங்கள்.

4. பிள்ளையின் பெயர் ஏறிவிட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, மனைவியிடம் கொடுத்து வையுங்கள். நோய் வரும் நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

5. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இரண்டிலும் உங்கள் பின்னுரித்தாளர் யார் என்று பாருங்கள். கலியாணத்துக்கு முன் எழுதியது அப்படியே கிடக்கலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கும் அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்கு நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் உதவி கொடுப்பதும் உண்டு. அதற்கும் இந்தப் பத்திரம்தான் கேட்கப்படும்.

6. விவாகம் பதியாமல், பதிவேட்டில் தகப்பன் பெயர் மட்டும் எழுதியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தகப்பன் பெயர் இருப்பது வேறு, சொத்துரிமை வேறு. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயின் சொத்துக்கு உரிமையாளர். தகப்பன் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்துக்கு உரிமை வராது. ஆகவே முடிந்தவர்கள் விவாகத்தைப் பதிந்துவிடுங்கள். அதுதான் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு.

பத்திரம் இல்லையென்று பிள்ளையை ஒளிக்க வேண்டாம்

இவ்வளவு சொன்னதால் சில தாய்மார் பயந்துவிடக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் தகப்பன் பெயர் கேட்டு மருந்து கொடுப்பதில்லை. ஊசி போடுவதற்கும், நிறை பார்ப்பதற்கும், திரிபோஷா வாங்குவதற்கும் தகப்பன் வந்து நிற்க வேண்டியதில்லை. கூடு வெறுமையாக இருந்தாலும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, கிளினிக் உண்டு. இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின்படி, பிறந்தவுடன் பதியப்படுவதும் பெயர் பெறுவதும் ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. தகப்பன் பெயர் இல்லை என்பதற்காகப் பதிவையே தள்ளிப் போடாதீர்கள்.

அயலவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீலிக்கரையிலும் கொழுந்து மடுவத்திலும் ஒரு தாயைப் பார்த்து, "புள்ளைக்கு என்னா இனிசியல் போட்ட?" என்று கேட்டுச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் சிலர் பொய் எழுதுகிறார்கள், சிலர் பதியாமலே விடுகிறார்கள். தவறு யாருடையதாக இருந்தாலும் அது பிள்ளையுடையது அல்ல. சிரிக்கிற நேரத்தில், "வா, ஐயாகிட்ட போய்க் கேப்போம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்கக் கேள்விகள்

இன்று இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்:

1. ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்திரம் இருக்கிறதா?

2. தாய் பெயரும் தகப்பன் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா?

3. நம் விவாகம் பதிந்திருக்கிறதா? பத்திரம் எங்கே?

4. வேலை இடத்துக் காப்புறுதியில் எந்தெந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறது?

5. சேமலாப நிதியில் யார் பெயரைக் கொடுத்திருக்கிறோம்?

ஒரு கேள்விக்காவது "தெரியாது" என்று பதில் வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வாருங்கள். இப்பொழுது நாங்கள் கர்ப்பிணித் தாய்மாரின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தகப்பனைக் கூப்பிட்டு, "தம்பி, எந்த நாள் லீவு எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்கிறோம். அன்று கேட்கத் தவறியதை இன்று கேட்கிறோம்.

அந்தத் தம்பியின் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது விவாகப் பதிவு கையில் இருந்தது. ஒருவர் போனாலே போதும். ஆனாலும் இருவரும் சேர்ந்தே பதிவாளரிடம் போனார்கள். மனைவியின் கழுத்தில் தாலிக்கொடி திரும்பி வந்திருந்தது. பத்திரத்தை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். "ஐயா, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.